ஆறாத தோல்வியை எங்கே சொல்வது?

இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிக்க மட்டுமே செய்துவந்த நான், முதன்முறையாக ஒரு கேள்வியுடன் வருகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பணிபுரியும் மென்பொருள் நிறுவனத்தில் சென்ற மாதம் ஒரு கூட்டம் நடந்தது. தோல்வியைக் கண்டு வெட்கப்படும் காலம் போய்விட்டது, இனி அதை வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும் என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து தம் தோல்வி ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை நல்ல மதிப்பெண்ணுடன் தேறியதை ஒருவர் சொன்னார். முதல் வேலை பறிபோனதால்தான் இந்த வேலை கிடைத்தது என்றார் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் நல்ல கைதட்டல். என் முறை நெருங்க நெருங்க எனக்கு ஒன்று உறைத்தது: அந்த அறையில் சொல்லப்பட்ட தோல்விகளில் ஒன்றுகூடத் தோல்வியாக முடிந்திருக்கவில்லை. எல்லாம் ஆறித் தழும்பாகிவிட்ட காயங்கள்.

என்னிடம் இருந்தது ஆறாத காயம். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு ஓர் இரவு, சோதனை சர்வரில் ஓட்ட வேண்டிய அழிப்புக் கட்டளையை, வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் ஓட்டிவிட்டேன். திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பின்னணி; சர்வர் பெயர்களுக்கு இடையே ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். சில நூறு பதிவுகள் அழிய வேண்டிய இடத்தில் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி ஓடியபோதுதான் கை நின்றது. பேக்கப் எனப்படும் காப்பு நகலிலிருந்து மீட்டுவிடலாம் என்று போய்ப் பார்த்தால், கடைசிப் பதினாறு நாள்களுக்கான கோப்புகள் உரிய நேரத்தில், உரிய பெயரில் உருவாகியிருந்தன. உள்ளே எதுவும் இல்லை. பழைய பிரதியையும், நடந்த மாற்றங்கள் பதிவாகியிருந்த லாக் கோப்புகளையும் வைத்து ஒட்டுப்போட்டு, விடிவதற்குள் நானும் நண்பர் ஒருவரும் பெரும்பகுதியை மீட்டோம். மறுநாள் அறிக்கையில் 'சர்வர் கோளாறு' என்று எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவனும் நான்தான்.

கூட்டத்தில் நான், கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறிய கதையைச் சொன்னேன். எனக்கும் கைதட்டினார்கள்.

தோல்விக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா, அல்லது பிறகு வெற்றி பெற்றவர்களின் தோல்விக்கு மட்டும்தான் உண்டா? தோல்வி மீதான பார்வை மாறிவிட்டது என்கிறார்களே, அது மாறியதை நீங்கள் கண்கூடாகப் பார்த்த இடம் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம்; அது எனக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

வணக்கம் தம்பி. விமானப் பராமரிப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் துறையில் அந்தப் பார்வை எதனால் மாறியது என்பதைத் தேதியோடு சொல்ல முடியும்.

1974 டிசம்பர் 1 அன்று, டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தபோது ஒரு மலையில் மோதியது. உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்குக் கிடைத்த அனுமதியின் பொருளை விமானிகள் ஒரு விதமாகவும், தரைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டதால் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே போயிருந்தது. விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்திதான் எங்களையெல்லாம் உலுக்கியது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, அதே இடத்தில், அதே குழப்பத்தால், அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் எதையும் மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்திடம் சொல்லியிருந்தார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்திருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்ச் சேருவதற்கு அன்று ஒரு வழியும் இருக்கவில்லை.

அதன் பிறகு 1976இல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானியோ மெக்கானிக்கோ கட்டுப்பாட்டாளரோ தான் செய்த பிழையைப் பத்து நாள்களுக்குள் எழுதி அனுப்பினால், பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் தெரிவிப்பார்கள். எழுதியவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள் என்பதால், அந்தக் கடிதங்களைப் பெறும் பொறுப்பைத் தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்ததற்கும், குற்றச் செயலுக்கும், நிகழ்ந்துவிட்ட விபத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. 'எல்லாத் தோல்வியும் நல்லதே' என்று இப்போது பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நான் நேரில் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் பிரிவில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் வரைந்த பலகை ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடியும்போது எல்லாம் பலகைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு நாள் பத்து எம்எம் ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தது. விமானம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத பையன் ஒருவன் வந்து, அது தன்னுடைய கைக்கருவி என்றும் எங்கே வைத்தோம் என்று நினைவில்லை என்றும் சொன்னான். சொல்லும்போது அவன் எங்களைப் பார்க்கவில்லை, அந்தக் காலி வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு மணி நேரம் பேனல்களைக் கழற்றினோம். தரைத்தகட்டுக்கு அடியில், கட்டுப்பாட்டுக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, ஸ்பேனர் கிடந்தது. எங்கள் மேற்பார்வையாளர் கோபக்காரர். அன்று ஏனோ கத்தவில்லை. "மூடுவதற்கு முன் ஏன் எண்ணவில்லை?" என்று மட்டும் கேட்டார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் திறந்ததை இன்னொருவர் மூடுகிறார், எண்ண வேண்டியது யார் என்று எங்கும் எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கடுத்த சில மாதங்களில் 'கருவி காணவில்லை' என்ற பதிவுகள் எங்கள் பிரிவில் கூடின. மேலிடத்தில், நாங்கள் அலட்சியமாகிவிட்டோம் என்று நினைத்தார்கள்.

நாங்கள் அலட்சியமாகிவிடவில்லை, முன்பு சொல்லாததைச் சொல்லத் தொடங்கியிருந்தோம். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, எங்கள் கதையையே படிப்பதுபோல் இருந்தது. நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம் என்று தெரியவந்ததாம்.

தம்பி, உங்கள் கூட்டத்தில் பேச்சுக்குத்தான் இடம் இருந்தது. பேசிய பின் அந்தப் பேச்சு எங்கே போகும் என்பதற்கு ஒரு வழி இருந்ததா?

முயற்சி திருவினை எழுதியது:

தோல்விதான் வெற்றியின் முதல் படி, நண்பரே! மனம் தளராதீர்கள். எல்லாம் நன்மைக்கே.

இடறியவன் எழுதியது:

மேலே உள்ள பதிவருக்கு: ஏறிப் போனவருக்கு அது படி. இடறி விழுந்தவருக்கு அது கல். கேட்டவர் ஆறுதல் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்.

ஸ்பேனர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் சம்பளத்தில் இருப்பவரின் பிழைக்கும் சொந்தப் பணத்தைப் போட்டவரின் வீழ்ச்சிக்கும் பெரிய இடைவெளி உண்டு. அதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

நான் சிறிய அளவில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழில் செய்தேன். ஒன்பது ஆண்டுகள் நடந்தது, பிறகு மூடினேன். இயந்திரத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் அதைத் தூக்கிச் சென்ற பிறகு, அது நின்ற இடத்தில் மட்டும் தரை அழுக்குப் படாமல் வெளிறிய சதுரமாக இருந்தது. அந்தச் சதுரத்தில் நின்றுகொண்டுதான் கடைசிப் பணியாளருக்குக் கணக்கு முடித்தேன். அந்த நாள் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. என் விற்பனையில் முக்கால் பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவது ஆபத்து என்று என் கணக்காளர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். காதில் வாங்கியிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய பாடத்துக்கு நான் ஒரு தொழிலையே விலையாகக் கொடுத்தேன். தோல்வியின் மதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் விலையையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பார்வை மாறிய வரலாறு என்று கேட்டீர்கள். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவரை இங்கிலாந்தில் சிறையில் அடைத்தார்கள். உள்ளே இருப்பவர் உழைத்துச் சம்பாதிக்க வழியில்லை. சம்பாதிக்காமல் கடன் தீராது. கடன் தீராமல் வெளியே வர முடியாது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் அப்படித்தான் மார்ஷல்சி சிறைக்குப் போனார். அப்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. 1855இல், நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஏற்க வேண்டிய பொறுப்புக்கு வரம்பு விதிக்கும் சட்டமும், 1869இல் கடனுக்காகச் சிறையிலடைப்பதைப் பெருமளவு ஒழித்த சட்டமும் வந்தன. மனிதர்கள் திடீரென்று பெருந்தன்மை அடைந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. விழுந்தவனை அழுத்திவைப்பதைவிட எழவிடுவதில் கடன் கொடுத்தவனுக்கும் ஆதாயம் உண்டு என்ற கணக்கு புரிந்திருக்க வேண்டும்.

மொழி மட்டும் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஆங்கிலத்தில் திவாலைக் குறிக்கும் சொல்லின் வேர், உடைந்த பலகை என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் இருக்கிறது. நம்மிடம் 'மஞ்சள் கடுதாசி' இருக்கிறது. அந்த இரண்டு சொல்லை யாரைப் பற்றியாவது சொல்லும்போது மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சட்டப்படி அது ஒரு விண்ணப்பம். பேச்சு வழக்கில் அது ஒரு மனிதனின் அடைமொழி.

சட்டமும் முழுப் பாதுகாப்பு அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு இருந்தது. வங்கிக் கடனுக்கு நான் தனிப்பட்ட முறையில் போட்ட உத்தரவாதக் கையெழுத்துக்கு வரம்பு இல்லை. இன்று ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். கடன் இன்னும் இரண்டு ஆண்டுகளில் முடியும். தோல்வியைக் கொண்டாடும் மேடைகளுக்கு என்னை யாரும் அழைப்பதில்லை, ஏனென்றால் என் கதையில் இரண்டாம் பாதி கிடையாது.

ஆய்வகக் குறிப்பேடு எழுதியது:

இடறியவன் அவர்கள் எழுதியதற்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த இழையில் இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. செய்ய வேண்டியதைத் தவறாகச் செய்வது ஒன்று. சரியாகச் செய்தும் எதிர்பார்த்தது கிடைக்காமல் போவது இன்னொன்று. நான் ஆராய்ச்சித் துறையில் இருப்பவள். என் வாழ்க்கையின் பெரும்பகுதி இரண்டாவதில் கழிகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் 1887இல் மைக்கல்சனும் மார்லியும் கிளீவ்லாந்தில் செய்த சோதனை. ஒளி பரவுவதற்கு ஈதர் என்ற ஊடகம் வேண்டும், பூமி அதனூடே நகர்வதால் ஒளியின் வேகத்தில் திசைக்குத் திசை மிகச்சிறிய வேறுபாடு தெரிய வேண்டும் என்பது அன்றைய எண்ணம். அதிர்வு படாமல் இருக்கக் கனத்த கல் பலகை ஒன்றைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன் மேல் கண்ணாடிகளைப் பொருத்தி, மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒளிப்பட்டைகளின் நகர்வை அளந்தார்கள். ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர்வை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஊடகத்தைத் தேடிப் போனவர்களின் கணக்கில் அது தோல்விதான். அடுத்தடுத்த பருவங்களில் திரும்ப அளப்பதாக இருந்த திட்டத்தையும் அவர்கள் தொடரவில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யை விளக்குவதற்காக மற்றவர்கள் பதினெட்டு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1905இல் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கோட்பாடு வந்தபோது ஈதரே தேவையற்றுப் போயிற்று. (ஐன்ஸ்டைனின் சிந்தனைக்கு இந்தச் சோதனை எவ்வளவு தூரம் நேரடியாக உதவியது என்பது வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டையிடும் கேள்வி, பாடநூல்கள் சொல்வதுபோல் அது நேர்க்கோட்டுக் கதை அன்று.)

நான் சொல்ல வருவது, அவர்கள் அந்த விடையை வெளியிட்டார்கள் என்பதைப் பற்றி. அளவை நம்பும்படி செய்திருந்ததால் 'இல்லை' என்ற விடைக்கு எடை இருந்தது. கருவி அரைகுறையாக இருந்திருந்தால் அதே விடை வெறும் குப்பையாகப் போயிருக்கும். கவனமாகச் செய்த வேலை தோற்றால்தான் அந்தத் தோல்வி எதையாவது சொல்கிறது.

ஆனால் எங்கள் துறையிலும் 'இல்லை' என்ற விடைகள் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகின்றன. ராபர்ட் ரோசன்தால் 1979இல் இதற்குக் கோப்பு அலமாரிச் சிக்கல் என்றே பெயர் வைத்தார். இருபது ஆய்வகங்கள் பயனற்ற ஒரே மருந்தைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாக நல்ல விடை வரலாம் என்பதே நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு. ஆக, சராசரியாக ஓர் ஆய்வகத்துக்கு மருந்து வேலை செய்வதுபோல் தோன்றிவிடும். அந்த ஒருவர் கட்டுரை எழுதுவார். பத்தொன்பது பேர் குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைப்பார்கள். அந்தப் பத்தொன்பது பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது பொய். என் அலமாரியிலும் இரண்டு குறிப்பேடுகள் இருக்கின்றன. ஏன் வெளியிடவில்லை என்று கேட்டால், பணி நீட்டிப்புக்கான படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். கற்பித்தலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மனு கபூர் என்ற ஆய்வாளர் 2008 முதல், முதலில் பாடத்தை நடத்திவிட்டுக் கணக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, நடத்தாத பாடத்தின் கணக்கை மாணவர்களிடம் முதலில் கொடுத்துத் திணறவிட்டுப் பிறகு நடத்திப் பார்த்தார். திணறியவர்கள் பெரும்பாலும் விடைக்கு வந்து சேரவில்லை. ஆனால் பிறகு பாடம் நடத்தியபோது, கருத்தைப் புரிந்துகொள்வதிலும் புதிய கணக்குக்கு அதைப் பொருத்துவதிலும் முந்தியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் நானும் செய்து பார்த்தேன். முதல் முறை பாழாகிவிட்டது. எண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் சிதறல் அளவைகளைச் சொல்லித்தராமலேயே, இரண்டு பந்து வீச்சாளர்களில் யார் சீரானவர் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு பெண் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தாள். ஒரு பையன் ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினான். மற்றவர்கள் பேனாவைக் கடித்தார்கள். மணி அடித்ததும் சரியான சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. அந்தப் பெண்ணின் வழி ஏன் பாதி சரி, அந்தப் பையனின் வழியில் எண்களின் வரிசையை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது என்று அவர்களுடைய முயற்சிகளை எடுத்துவைத்துப் பேசியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அப்படிச் செய்தேன். திணறல் பாதி வேலை. மீதி வேலை ஆசிரியருடையது. இந்த மீதியைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் பிள்ளைகளைத் தோற்கவிட வேண்டாம்.

மதிப்பெண் போடும் தேர்வில் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வகுப்புக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே அறிவித்திருந்தேன்.

நடுக்கம் நின்றவன் எழுதியது:

இரவுப்பணி அவர்களே, உங்கள் துறையில்தான் நானும் இருக்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நள்ளிரவு நெருங்கும் வேளையில் பொறியாளர் ஒருவர், காலியாக இருக்க வேண்டிய துணைத் தரவுத்தளத்தை அழிப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்புகளைத் தேடினால் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பினார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பின்னர் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள். பேக்கப் தோல்வியடைந்தால் வர வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களே போய்ச் சேராமல் இருந்ததும் அதில் இருந்தது. அதைப் படித்த மறுநாள் நான் எங்கள் பேக்கப்பை முதன்முறையாக உண்மையிலேயே மீட்டுப் பார்த்தேன். என்ன கண்டேன் என்று சொல்ல மாட்டேன். என் புனைபெயரிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் என்ற கதையை நாம் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைமைப் பண்பு பற்றிப் பேசும் எவரும் அதை விடுவதில்லை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறானதுதான் காரணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் மேலே போனதற்குத் தவானின் பெருந்தன்மை எவ்வளவு காரணமோ, அந்த வால்வைத் தேடிப் பிடித்தவர்களின் பொறுமையும் அவ்வளவு காரணம். முன்னதைச் சொல்லிச் சொல்லி நமக்கு மனம் நெகிழ்கிறது. பின்னதை யாரும் சொல்வதில்லை.

சந்திரயானில் இந்த நிலை சற்று மாறியது எனக்கு மகிழ்ச்சி. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவில் மோதியபோது நாடே கண்கலங்கியது, சரி. ஆனால் அதற்குப் பிறகு, அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் காரணங்களை வெளிப்படையாக அடுக்கினார்: இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைத் திருத்தக் கலம் திரும்ப வேண்டிய வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இருந்தது, இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த கலத்தை, எதெல்லாம் சரியாக நடக்கும் என்று தொடங்காமல் எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று தொடங்கி வடிவமைத்ததாகச் சொன்னார். இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், கால்களை வலுவாக்கினார்கள், ஐந்து இன்ஜின்களை நான்காகக் குறைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அறிக்கையில் 'சர்வர் கோளாறு' என்று எழுதியதில் பொய்யைவிடப் பெரிய தீங்கு ஒன்று இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு ஜன்னல்களும் இன்னும் ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன.

இரவுப்பணி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கோபம் இல்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய், முதல் வேலையாக அந்த ஜன்னலின் பின்னணியைச் சிவப்பாக மாற்றினேன்.

இடறியவன் அவர்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நான் இழந்தது ஓர் இரவுத் தூக்கம். அவர் இழந்தது ஒன்பது ஆண்டுகள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வார இறுதியில் இரண்டு பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதினேன். என் பெயர் இருக்கிறது. வருத்தம், மன்னிப்பு என்ற சொற்கள் இல்லை. இரவு 11.40க்கு எந்த ஜன்னல் திறந்திருந்தது, 11.52க்கு எந்தக் கட்டளை ஓடியது, பேக்கப் கோப்புகளின் அளவு பதினாறு நாள்களாகப் பூஜ்யமாக இருந்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது மட்டும். அனுப்புவதற்கு முன் மேலாளரிடம் காட்டினேன். அவர் நீண்ட நேரம் படித்தார். 'சர்வர் கோளாறு' அறிக்கையை என்ன செய்வது என்று கேட்டார். திருத்தி அனுப்புவோம் என்றேன். மதிப்பீட்டுக் காலம் நெருங்குகிறது, அது எனக்கு நல்லதாக இருக்காது என்று அவர் சொன்னதில் அக்கறை இருந்தது என்றே நம்புகிறேன். விளைவு என்னவாகும் என்று இன்னும் தெரியவில்லை. ஸ்பேனர் ஐயா சொன்ன விலக்கு எங்கள் நிறுவனத்தில் கிடையாது.

குறிப்பு திங்கட்கிழமை குழுவில் பதினோரு பேருக்கும் போயிற்று. யாரும் கைதட்டவில்லை. மாலையில் ஒருவர் மட்டும் என் இடத்துக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, போன ஆண்டு அதே கட்டளையை அதே சர்வரில் தானும் ஓட்டியதாகச் சொன்னார். அழிந்தவை நாற்பது பதிவுகள் மட்டும் என்பதால் கையாலேயே திரும்பச் சேர்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டாராம். அதையும் குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.